புதிதாக எம்.எல்.ஏ. ஆனவருக்கும் அவருடைய உதவியாளருக்கும்

மண்டல துணை வட்டாட்சியர் கையெழுத்துப் போட்டால் பட்டா மாறும். வட்டார வளர்ச்சி அலுவலர் கையெழுத்துப் போட்டால் பில் பாஸாகும். எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்டு எந்தக் கோப்பும் முடிவதில்லை. அவருடைய கடிதத்தால் ஒரு கோப்பு தொடங்கும், அல்லது நின்றுபோன கோப்பு நகரும். நிர்வாகத்தில் அவர் கையில் இருப்பது அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 234 பேர் வகிக்கும் இந்தப் பதவியைப் பற்றி ஜனங்கள் நினைப்பது வேறு. ‘எம்.எல்.ஏ. சொன்னால் நடக்கும்’ என்று நம்பித்தான் வாசலில் வந்து நிற்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டுமானால், எந்த வேலை எந்த மேஜையில் நிற்கிறது என்று அந்த மேஜைக்காரரைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தொகுதி அலுவலகம் நடத்திப் பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி இதில்தான் வந்து முடியும்.

ஜெயித்த கையோடு முடிக்க வேண்டியது தேர்தல் செலவுக் கணக்கு. முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். மாலை, ஊர்வலம், சென்னைப் பயணம் என்று நாட்கள் ஓடுவதில் இது கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகும். கணக்கு தரத் தவறினாலோ, முறையாகத் தராவிட்டாலோ மூன்று ஆண்டு தகுதியிழப்பு வரை போகலாம். சிக்கல் பெரும்பாலும் பெரிய தொகையில் வராது. பந்தல், நாற்காலி, கொடி, வாடகை வேன் ஆகியவற்றில் வரும். ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் போட்டிருப்பார். செலவினப் பார்வையாளரின் ஆட்கள் வீடியோவில் நாற்காலிகளை எண்ணி நிழல் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்கள். நம் பதிவேட்டில் 300 நாற்காலி, அவர்கள் பதிவேட்டில் 800 என்று இருந்தால் விளக்கம் கேட்பார்கள். பிரசாரம் நடக்கும்போதே ஒவ்வொரு ஆய்விலும் இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டால் கடைசியில் இந்தத் தொல்லை இல்லை.

வாக்குச்சாவடி முகவர்கள் வாங்கிவந்த படிவம் 17-சி (சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கு) நகல்களையும் எண்ணிக்கை மேஜைக் குறிப்புகளையும் தூக்கிப் போடக்கூடாது. தேர்தல் வழக்குப் போட எதிரணிக்கு 45 நாள் அவகாசம் உண்டு. 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. தபால் ஓட்டுகளை ஒட்டி எழுந்த வழக்கில் 2019இல்தான் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. இப்படிப்பட்ட தொகுதியில் ஒரு கட்டுக் காகிதம் பதவியைக் காப்பாற்றும்.

பதவிப் பிரமாணம் எடுக்காமல் அவையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 193ஆவது பிரிவு சொல்கிறது. இது பலருக்கும் தெரியும். பலரும் கவனிக்காதது அரசு ஒப்பந்தம். மாநில அரசோடு தன் பெயரில் சரக்கு சப்ளையோ கட்டுமானப் பணியோ நடப்பில் இருந்தால் தகுதியிழப்பு. ஒப்பந்தக்காரராக இருந்து அரசியலுக்கு வந்தவர்கள், வேட்புமனுவுக்கு முன்பே அதை முடித்துக்கொண்டார்களா என்று வக்கீலிடம் காகிதத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி அன்றாட வேலைக்கு வருவோம். மனு கொண்டுவருகிறவர் ‘ரோடு போட்டுத் தாங்க’ என்பார். முதலில் அது யாருடைய ரோடு என்று பார்க்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் தெரு ஊராட்சியுடையது. ஊரையும் ஊரையும் இணைப்பது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் சாலை. மாவட்ட இதர சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாநில நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் நெடுஞ்சாலைத் துறை. சுங்கச்சாவடி உள்ள நான்குவழிச் சாலையில் ஒரு சர்வீஸ் ரோடு கேட்டால்கூட தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குத்தான் எழுத வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தால் அது அங்கே போய்ச் சேரவே நாளாகும். தார் பெயர்ந்து கிடக்கும் ஒன்றியச் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளரிடம் கடிதம் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. அவர் ‘எங்கள் பராமரிப்பில் இல்லை’ என்று ஒரு வரி பதில் எழுதினால் கதை மறுபடி முதலிலிருந்து.

தண்ணீரும் இப்படித்தான். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊர் சம்ப் (தரைமட்டத் தொட்டி) வரை குடிநீர் வடிகால் வாரியம். சம்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதும் தெருக்குழாயும் ஊராட்சி. ‘பத்து நாளாத் தண்ணி வரலை’ என்று போன் வந்தால் சம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று ஊரில் ஒருவரைப் பார்க்கச் சொன்னாலே பாதி தெரிந்துவிடும். சம்ப் காலி என்றால் வாரியத்தின் உதவிப் பொறியாளர். நிரம்பியிருந்தால் மோட்டார், அல்லது தொட்டி இயக்குபவர். ஏரியில் 100 ஏக்கருக்கு மேல், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஒன்றியம். தெருவிளக்கு பல்ப் உள்ளாட்சியுடையது, கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு வாசல், தாலுகா ஆஸ்பத்திரிக்கு இணை இயக்குநர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். முதல் மாதத்திலேயே உதவியாளர் தொகுதியின் ஒவ்வொரு சாலை, ஏரி, தொட்டிக்கும் இது யாருடையது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டால் ஐந்து வருடமும் அந்த நோட்டு உழைக்கும்.

பட்டா மனுவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உட்பிரிவு உண்டா, இல்லையா? முழு சர்வே எண்ணும் கைமாறியிருந்தால் ஆவணத்தைச் சரிபார்த்து மாற்றிவிடலாம். ஒரு பகுதி மட்டும் வாங்கியிருந்தால் நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்தாக வேண்டும். தாமதத்தில் பெரும்பங்கு அங்கேதான். உத்தரவு எதிராக வந்திருந்தால் எம்.எல்.ஏ. கடிதம் பயன்படாது, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலர். பங்காளிச் சண்டையாக இருந்தால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது. ஒரு தரப்புக்குக் கடிதம் கொடுத்தால் மறுநாள் இன்னொரு தரப்பு வந்து நிற்கும். இரண்டு பேருமே தொகுதிக்காரர்கள்.

முதியோர் ஓய்வூதியம் கேட்டு வரும் பாட்டியிடம் ‘மனு குடுத்தாச்சா பாட்டி?’ என்று கேட்பதைவிட, ‘வந்துக்கிட்டிருந்து நின்னுச்சா, ஆரம்பத்துலேர்ந்தே வரலையா?’ என்று கேட்க வேண்டும். வந்து நின்றிருந்தால் காரணம் வேறு: கைரேகை பதியவில்லை, ஆதாரில் பெயர் ஒத்துவரவில்லை, ஆய்வுக்கு வந்தபோது ஆள் ஊரில் இல்லை. இதை ஓய்வூதியத்தைக் கவனிக்கும் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் பெயரையும் கணக்கு எண்ணையும் சொன்னால் பார்த்துவிடலாம். புது மனு எழுதிக் கொடுத்து அனுப்பினால், ஏற்கனவே பட்டியலில் இருக்கிறார் என்று சொல்லி அதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். மாதம் 1,200 ரூபாய் என்பது அந்த வீட்டில் மருந்துச் செலவு.

கடிதம் எழுதும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லெட்டர் பேடில் ‘இத்துடன் இணைத்துள்ள மனுவின் மீது ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதி அனுப்புவது வழக்கம். அந்த ஒரு வரிக்குப் பதிலும் ஒரு வரிதான் வரும்: ‘நடவடிக்கையில் உள்ளது.’ அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: இன்ன வட்டம், இன்ன கிராமம், சர்வே எண் இது, மனுதாரர் இன்ன தேதியில் இன்ன எண்ணில் விண்ணப்பித்தார், வருவாய் ஆய்வாளர் அறிக்கை போய்விட்டது, நில அளவரிடம் நிலுவை, எந்தத் தேதியில் அளப்பார் என்று தெரிவிக்கவும். கடிதம் கேட்பது ஒரு தேதியை மட்டும். தேதி கேட்டு வரும் கடிதத்துக்கு ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று பதில் எழுத யாருக்கும் கை வராது. ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை என்பதும் முக்கியம். ரோடு, பஸ், பள்ளிக்கூடச் சுவர் மூன்றையும் ஒரே தாளில் ஆட்சியருக்கு எழுதினால் ஏதோ ஒரு பிரிவு எழுத்தர் மேஜையில் மூன்றும் படுத்துவிடும்.

மனுப் பதிவேட்டில் வரிசை எண், தேதி, பெயர், ஊர், போன் எண், ஒரு வரியில் கோரிக்கை, துறை, கடிதம் போன தேதி, பதில் வந்த தேதி என்று கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டம் ஒன்றைப் பலரும் போடுவதில்லை: மனுதாரருக்குச் சொன்ன தேதி. வேலை முடிந்தும் மனுதாரருக்குத் தெரியாமல் போவது உண்டு. முடியாது என்று பதில் வந்தும் சொல்லாமல் விடுவதும் உண்டு. ‘முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வேற வழி பாத்திருப்பேனே தம்பி’ என்று ஒருவர் கேட்கும்போது உதவியாளரால் பதில் சொல்ல முடியாது. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்காக அதிகாரிகள் ஆட்சியர் அலுவலகத்தில் இருப்பார்கள். அதனால் செவ்வாய் அல்லது புதன் காலையில் தாலுகா அலுவலகத்துக்கு நிலுவைப் பட்டியலோடு போய்வருவது தோது. ஜமாபந்தி (தாலுகாவில் நடக்கும் வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) நாட்களில் எம்.எல்.ஏ. நேரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், வருவாய்த் துறையில் தேங்கிக் கிடந்த மனுக்களில் ஒரு பகுதி அங்கேயே தீரும்.

அடுத்தது தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணம் எம்.எல்.ஏ. கைக்கு வராது. அவர் பணியைப் பரிந்துரைப்பார், ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார், பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி, பிறகு ஒப்பந்தப்புள்ளி, ஒப்பந்தம், பணி ஆணை, அளவுப் புத்தகத்தில் பதிவு, அதற்குப் பிறகே பில். நிதியில் ஒரு பகுதி அரசு குறிப்பிட்ட வகைப் பணிகளுக்கே. வழிபாட்டுத் தலத்துக்கும் தனியார் சொத்துக்கும் தர முடியாது. கோயில் திருவிழா மேடையில் உற்சாகத்தில் ‘மண்டபம் கட்டித் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டால் பிறகு சொந்தப் பணத்தைத்தான் தேட வேண்டும்.

கணக்கு ஒன்றைச் சொல்கிறோம். 10 லட்சம் ரூபாய் ஒதுக்கினால் 10 லட்சத்துக்கும் கட்டடம் வராது. வேலையின் மதிப்பின் மேல் ஏறும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், கட்டுமானத் தொழிலாளர் நலநிதி 1 சதவீதம் போக, வேலைக்கு நிற்பது சுமார் 8.40 லட்சம். இதைப் பார்க்காமல் ஊர் மக்களிடம் அளவைச் சொல்லிவிட்டால், மேற்கூரை வந்து சுற்றுச்சுவர் வராமல் நிற்கும். அரைகுறைக் கட்டடத்தின் மீது எம்.எல்.ஏ. பெயர் எழுதிய கல் மட்டும் முழுதாக இருக்கும்.

பணிகள் பெரும்பாலும் நிலத்தில்தான் கெட்டுப்போகின்றன. அங்கன்வாடிக்கு ஊரில் எல்லோரும் காட்டும் காலியிடம் வருவாய்ப் பதிவேட்டில் ஓடைப் புறம்போக்காகவோ குட்டையாகவோ இருக்கும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் எழுப்ப முடியாது. எழுப்பினாலும் ஒரு பொதுநல வழக்கில் இடிக்கச் சொல்வார்கள். நிழற்குடைக்குக் காட்டும் இடம் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும், தடையின்மைச் சான்று வேண்டும், நாளை சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவதும் அதுதான். அதனால் பரிந்துரைக் கடிதம் போடுவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், ‘அ’ பதிவேடு, புலப்பட நகல் என்ற மூன்று நிலப் பதிவுகளையும் வாங்கிப் பார்த்துவிட வேண்டும். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளை ஆட்சியரிடம் தரச் சொன்னார். அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது நிலமும் மதிப்பீடும் தயாராக உள்ள கோரிக்கைகளை மேலே வைக்க வேண்டும். பட்டியலில் கல்லூரி, பாலிடெக்னிக், பைபாஸ் என்று ஆசையை மட்டும் எழுதினால் ஆய்வுக்கு வந்த அதிகாரி முதலில் கேட்பது ‘இடம் எங்கே?’

காலத்தையும் கணக்குப் போட வேண்டும். 2 கோடிக்கு உட்பட்ட பணிக்கு ஒப்பந்தப்புள்ளி அவகாசம் மட்டும் குறைந்தது 15 நாள். அனுமதி, மதிப்பீடு, ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து மூன்று மாதத்தைச் சாப்பிட்டுவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தார் வேலை நிற்கும், அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும். ஏப்ரலிலேயே பட்டியலைக் கொடுத்தவருக்குத்தான் மழைக்கு முன் வேலை முடியும். தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால், பணி ஆணை வாங்கியிருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்க முடியாது. கடைசி ஆண்டில் ஜனவரியில் பூமி பூஜை போட்டுக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டமன்றத் தேர்தலோடு முடிவதில்லை. நாடாளுமன்றத் தேர்தல், உள்ளாட்சித் தேர்தல், இடைத்தேர்தல் ஒவ்வொன்றும் சில வாரங்களை எடுத்துக்கொள்ளும்.

தொகுதியிலேயே கிடந்தால் கோட்டை போய்விடும். புனித ஜார்ஜ் கோட்டையில் அவை கூடும் நாட்கள் குறைவு, அதனால் ஒவ்வொரு நாளும் விலை மதிப்புள்ளது. கேள்வி நேரத்தில் துணைக் கேள்விக்குக் கிடைப்பது அரை நிமிடம், ஒரு நிமிடம். ‘மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எனது தொகுதியில் இன்ன ஊரில் உள்ள தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாகக் கட்டித்தர அரசு முன்வருமா என்று தங்கள் வாயிலாக அறிய விரும்புகிறேன்’ என்ற மரபு வாக்கியம் அதற்குப் போதும். ஆனால் ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர், மழைக்காலத்தில் எத்தனை கிராமம் துண்டிக்கப்படுகிறது என்ற மூன்றும் உள்ளே இருக்க வேண்டும். அமைச்சர் ‘பரிசீலிக்கப்படும்’ என்று சொன்னால் அது மழுப்பல் என்று விட்டுவிடாதீர்கள். அவையில் சொன்ன உறுதிமொழிகளை அரசு உறுதிமொழிக் குழு பின்தொடர்கிறது. அன்றைய அவைக் குறிப்பிலிருந்து அந்த வரியை நகல் எடுத்துக் கோப்பில் வைத்து, அதைச் சுட்டிக்காட்டித் துறைச் செயலாளருக்குக் கடிதம் எழுத வேண்டும். வெறும் கோரிக்கைக் கடிதத்தைவிட அதற்குப் பலம் அதிகம்.

துறைகளின் செலவுக்கு அவை ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பத்து நிமிடம் கிடைத்தால், தலைவர்களுக்கு வணக்கமும் பாட்டும் சொல்வதில் நான்கு நிமிடம் போய்விடுகிறது. மணி அடித்த பிறகுதான் தொகுதிக் கோரிக்கை ஆரம்பிக்கும். கோரிக்கைகளை முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, துறையைப் பற்றிய விமர்சனத்தையோ பாராட்டையோ பிறகு வைத்துக்கொள்வதே மேல். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைக் கையில் கிடைத்ததும் பின்பக்கத்திலிருந்து, அட்டவணைகளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். எந்த மாவட்டத்துக்கு என்ன போனது என்பது அங்கேதான் இருக்கும். பேரவை விதி 110இன் கீழ் அரசின் அறிக்கை வந்தால் அதன்மீது விவாதம் கிடையாது, அறிவிப்பில் நம் மாவட்டம் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு அரசாணைக்குத் துறையில் விரட்ட வேண்டும். அறிவிப்பு வந்தும் அரசாணை வராத திட்டங்கள் உண்டு. அரசாணை எண் கைக்கு வராத வரை தொகுதியில் சுவரொட்டி ஒட்ட வேண்டாம்.

அவைக்குள் பேசியதற்கு 194ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அதே வார்த்தையைத் தெருமுனைக் கூட்டத்தில் சொன்னால் அவதூறு வழக்கு. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பணி நடத்தையைப் பற்றி அவையில் பேசவே கூடாது. அனுமதியில்லாமல் 60 நாள் அவைக்கு வராவிட்டால் இடத்தைக் காலியானதாக அறிவிக்க அவைக்கு அதிகாரம் உண்டு; உடம்பு சரியில்லை என்றால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்பது தெரிந்ததுதான். கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் அரசமைப்புச் சட்டத்தில் வந்த பத்தாவது அட்டவணையில் இன்னொரு கிளையும் இருக்கிறது: தானாக முன்வந்து கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிடுதல். இதற்கு ராஜினாமா எழுத வேண்டியதில்லை, வெளியில் நடந்துகொள்ளும் விதமே போதும். 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதியிழந்தது அவையில் ஓட்டுப் போட்டதற்காக அல்ல, முதல்வருக்கு ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கொடுத்த கடிதங்களுக்காக. 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தொகுதிகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஆளில்லாமல் கிடந்தன என்பதுதான் எங்களுக்கு இன்னமும் வலிக்கிறது. அங்கே மனு கொடுக்க வந்தவர்கள் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் ஆபத்து லெட்டர் பேடு. எண்ணிடாத தாளை அச்சடிக்கக் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு உதவியாளரிடம் விட்டுப்போகும் பழக்கம் எவ்வளவு நம்பிக்கையான ஆளானாலும் வேண்டாம். ஆதார் முகவரி மாற்றத்துக்கான சான்றுப் படிவம் மூன்று மாதம்தான் செல்லும். ஒட்டிய புகைப்படத்தின் மேல் பாதியும் தாளில் பாதியும் படும்படி கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும், தேதி விடக்கூடாது. வந்தவரை நேரில் பார்த்து, குடியிருப்பை யாராவது உறுதி செய்த பிறகே கொடுக்க வேண்டும். அரசு ஊழியர்கள் இடமாற்றத்துக்குப் பரிந்துரை கேட்பார்கள். வெளியாள் மூலம் அழுத்தம் கொடுப்பது அவர்களுடைய நடத்தை விதிக்கே எதிரானது என்பதால் அந்தக் கடிதமே அவருக்கு எதிரான ஆவணமாகிவிடலாம். வேலை வாங்கித் தருவதாக யாரிடமோ யாரோ பணம் வாங்கிய வழக்கில், கடைசியில் எம்.எல்.ஏ. லெட்டர் பேடுதான் சாட்சியாக வந்து நிற்கும். எம்.எல்.ஏ.வும் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியர். அவையில் ஓட்டுப் போடவோ பேசவோ காசு வாங்கினால் சிறப்புரிமை காப்பாற்றாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டார்கள்.

சம்பளமும் படிகளும் சேர்த்து 2017 உயர்வில் மாதம் 1,05,000 ரூபாய் ஆனது. அதில் அலுவலகச் சிப்பந்தி, டீசல், வந்தவர்களுக்கு டீ, கல்யாண மொய், கோயில் கொடை எல்லாம் போக வீட்டுக்கு நிற்பது மிகக் குறைவு. இதை முதலிலேயே குடும்பத்தில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. மொய்யில் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் மனக்கசப்பு குறையும். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். துக்க வீட்டுக்கு அன்றே போக முடியாவிட்டால் காரியத்துக்குள் போய்விட வேண்டும், போனால் மனு வாங்கக் கூடாது.

கடைசி ஆண்டில் இரண்டு காகித வேலை பாக்கி இருக்கும். ஓமந்தூரார் தோட்டத்து எம்.எல்.ஏ. விடுதி அறைக்கு வாடகை, மின்சாரம், தண்ணீர், டெலிபோன் பாக்கி இல்லை என்ற சான்றுகளை ஜனவரிக்குள் வாங்கிவிட வேண்டும். அரசுக் குடியிருப்பில் இருந்தவர் மறுபடி நிற்கும்போது வேட்புமனுவோடு தரும் படிவம் 26இல் அவை தேவை. மனுத்தாக்கல் வாரத்தில் போய் நின்றால் எல்லோரும் அதே சன்னலில் நிற்பார்கள். இன்னொன்று மனுப் பதிவேடு. தேர்தல் தேதி அறிவித்ததும் தொகுதியின் அரசு அலுவலகக் கட்டடத்தைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். அதற்கு முந்தைய வாரமே நிலுவை மனுக்களைத் துறைவாரியாகப் பிரித்து நகல் எடுத்து, கடித எண்களோடு மனுதாரர்களிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்து யார் வந்தாலும் அவர்கள் அந்த எண்ணிலிருந்து தொடரலாம்.